பாளையப்பட்டும் பட்டப்பெயரும்

கடையநல்லூரை நடுவாக வைத்து நாற்புறமும் நோக்குவோமாயின், பழைய பட்டப்பெயர்களால் சூழப்பட்ட நிலப்பரப்பொன்றின் மத்தியில் அவ்வூர் அமைந்திருப்பது விளங்கும். வடக்கே சொக்கம்பட்டி, அதனைக் கடந்தால் நெற்கட்டும்செவல், சிவகிரி, சேற்றூர், தென்மேற்கே மலையடிவாரத்தில் வடகரை, கிழக்கே சுரண்டை, ஊற்றுமலை, தலைவன்கோட்டை, தெற்கே, பாண்டியர் தம் இறுதிக் காலத்தில் முடிசூடி வீற்றிருந்த தென்காசி. ஊற்றுமலையில் மருதப்பத் தேவர் என்றும், சிவகிரியில் சின்னத்தம்பியார் என்றும், சேற்றூரில் சேவுகபாண்டியத் தேவர் என்றும், தலைவன்கோட்டையில் இந்திரத் தலைவர் என்றும், வடகரை என்றும் சொக்கம்பட்டி என்றும் வழங்கிய பாளையத்தில் சின்னணைஞ்சாத் தேவர் என்றும் தந்தைக்குப் பின் மைந்தனாக ஒரே பெயரைத் தாங்கிய குடும்பங்கள் பல தலைமுறைகள் இங்கே ஆண்டன. பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, இருக்கையின் பெயரே ஆளின் பெயராக நிலைத்த வழக்கம் இது.

இப்பட்டங்கள் எங்கிருந்து வந்தன, இவற்றை அளித்தவர் யார், அளித்த அரசு அழிந்த பின்னரும் இவை எதனைப் பற்றிக்கொண்டு நின்றன என்ற வினாக்களுக்குப் பலர் பலவாறாக விடை கூறியிருக்கின்றனர். 1881 இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதி வெளியிட்ட கால்டுவெல் ஐயர், ஆங்கில ஆட்சி தந்த அமைதியை அளவுகோலாகக் கொண்டு பாளையக்காரரை அளந்தமையால், அவர்களுடைய பட்டங்களில் கொள்ளையின் சாயலையே பெரிதும் கண்டார். கே. இராசய்யன் முதலிய பிற்காலத்துச் சரித்திராசிரியர், ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த 1801 ஆம் ஆண்டுப் போரை முன்னிறுத்தி, அதே பட்டங்களில் விடுதலை வேட்கையைக் கண்டனர். நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆராய்ந்து 1987 இல் வெளியிட்ட நூலிலே, ஆங்கிலேயர் காலத்து முடி உள்ளீடற்ற முடியாகிவிட்டது என்றார். பமீலா பிரைஸ் 1996 இல் இராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் ஆராய்ந்து, அந்த முடியைச் சுற்றி நீதிமன்றங்களில் நடந்த போராட்டங்களை விரித்துரைத்தார். இவர்கள் அனைவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியவை உள. ஆயினும், பட்டம் என்பது ஒரு கடமையின் பொருட்டு அளிக்கப்பட்டதென்பதையும், அந்தக் கடமை பிடுங்கப்பட்ட நாளே அதன் வீழ்ச்சியின் நாள் என்பதையும் முதன்மையாக வைத்து இச்சரித்திரத்தை நோக்கவேண்டும் என்பது என் கருத்து. அந்த நாள் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறந்த 1948 அல்ல. ஜமீன் பிறந்த 1803 ஆகும்.

முற்காலத்து வழக்கத்தை முதலில் காண்போம். படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், அமைச்சுத் தொழில் பூண்டார்க்குக் காவிதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும் தமிழ் வேந்தர் பட்டம் அளித்தனர் என்பதும், ஏனாதிப் பட்டத்தோடு ஒரு மோதிரமும் எட்டிப் பட்டத்தோடு ஒரு பொற்பூவும் வழங்கப்பட்டன என்பதும் பழைய நூல்களாலும் உரைகளாலும் அறியப்படுவன. இப்பட்டங்கள் பரம்பரையாகத் தொடர்ந்தனவா என்பதற்கு, மதுரைக்கு அருகே ஆனைமலையில் கி.பி. 770 ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் தெளிவான ஒரு சான்றைத் தருகின்றன. பாண்டியன் நெடுஞ்சடையனுக்கு உத்தரமந்திரியாக இருந்த மாறன்காரி என்பவர், மூவேந்தமங்கலப் பேரரையன் என்னும் பட்டம் உடையவராய், அம்மலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் கற்றளி எடுத்தார். பணி முடியுமுன்னரே அவர் காலமாக, அவர் தம்பி மாறன் எயினன் அதே உத்தரமந்திரிப் பதவியை எய்தி முகமண்டபத்தைச் செய்து நிறைவேற்றினார். ஆனால் தம்பிக்கு வாய்த்த பட்டம் வேறு. அவர் பாண்டிமங்கல விசையரையன் எனப்பட்டார். உத்தியோகம் அதே குடும்பத்தில் தங்கியது. பட்டமோ ஆளுக்கு ஆள் புதிதாக அரசனிடமிருந்து வரவேண்டியிருந்தது. அண்ணனுக்குரிய பெயரைத் தம்பி உரிமையாகக் கேட்டுப் பெறும் பாத்தியம் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டி நாட்டில் இருந்ததாகத் தோன்றவில்லை.

பரம்பரையாகத் தொடர்ந்த பட்டம் அரசனுடைய பட்டம் ஒன்றே. சோழர் இராசகேசரி, பரகேசரி என மாறி மாறிப் புனைந்ததுபோலப் பாண்டியரும் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரு பெயர்களை மாறி மாறிச் சூடினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் பாண்டியர் பலர் வெவ்வேறு இருக்கைகளிலிருந்து ஆண்டமையாலும், சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என்ற சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தமையாலும், இன்ன கல்வெட்டு இன்ன அரசனுடையதென்று துணிவது பெருஞ்சிக்கலாயிற்று. கீல்ஹார்ன் என்ற செருமானிய அறிஞரும், பின்னர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் கல்வெட்டுக்களில் வரும் திதி, வார, நட்சத்திரங்களைக் கணித்து அரசர்களைப் பிரித்துக் காட்டினர், கும்பகோணத்து என். சேதுராமன் 1978 லும் 1980 லும் வெளியிட்ட நூல்களில் அப்பணியை மேலும் நெடுந்தூரம் கொண்டுசென்றார். ஆளைக் காட்டிலும் பட்டம் பெரிதாக எண்ணப்பட்ட ஒரு மரபில், ஆளைக் கண்டறிவதற்கு வானத்துக் கோள்களின் துணை வேண்டியிருந்தது.

மதுரையை இழந்த பாண்டியர் தென்காசியில் நிலைபெற்ற காலம் இவ்வட்டாரத்தார் நெஞ்சில் இன்றும் பசுமையாக உள்ளது. 1422 முதல் 1463 வரை ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியர், 1446 இல் காசி விசுவநாதர் ஆலயத்தைத் தொடங்கி, 1457 இல் அதன் இராசகோபுரத்துக்கு அடியிட்டார். கோபுரம் முடியும்வரை அவர் இருக்கவில்லை. அவர் தம்பி குலசேகர பாண்டியரே அதனை முடித்துவைத்தார். இவ்வரசர் அக்கோயிலில் பொறித்துச் சென்ற வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்தத் திருப்பணிக்குப் பிற்காலத்தில் குறை நேருமாயின் அக்குறையை நீக்கிப் புரப்பவர் எவராயினும், அவர் அடியில் தாம் இன்றே வீழ்ந்து வணங்குவதாக அவர் அறிவிக்கிறார். சடையவர்மன் என்ற பெருமைமிக்க பட்டத்தைத் தாங்கிய ஒருவர், இன்னும் பிறவாத, பெயர் அறியாத ஒருவனுடைய காலில் விழுகிறார். படையும் பொருளும் சுருங்கிவிட்ட அரசொன்று, தன் பட்டத்தின் பொருளை வேறோரிடத்தில் தேடிக் கண்டுகொண்டதற்கு இதனினும் தெளிவான ஆவணத்தை நான் அறியேன். நெருப்புக்கு இரையாகி நெடுங்காலம் மொட்டையாக நின்ற அக்கோபுரம் 1990 இல் மீண்டும் எழுப்பப்பட்டபோது, அந்த வணக்கத்துக்குரியவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள்.

தென்காசிப் பாண்டியருள் புலமையால் ஓங்கியவர் அதிவீரராம பாண்டியர். நைடதமும் வெற்றிவேற்கையும் இயற்றிய அவர் முடிசூடியது 1564 ஐ ஒட்டியாகும். அக்காலத்தில் மதுரையின் அதிகாரம் நாயக்கர் கையில் இருந்தது. தென்காசி கப்பம் கட்டும் அரசாகியிருந்தது. இவ்வரச மரபு பதினேழாம் நூற்றாண்டில் மங்கிய பின், பாண்டியன் என்ற பெயர் பாளையங்களுக்குள் புகுந்தது. சிவகிரியார் வரகுணராம பாண்டியச் சின்னத்தம்பியார் ஆயினர். சேற்றூரார் சேவுகபாண்டியர் எனப்பட்டனர். கடம்பூரில் பூலோகபாண்டியர் என்ற பெயர் வழங்கிற்று. நாயக்கர் மரபினரான பாஞ்சாலங்குறிச்சியாரும் வீரபாண்டியர் என்ற பெயரைக் கொண்டனர். முடி போயிற்று, முடியின் பெயரைச் சிற்றரசர் பங்கிட்டுக்கொண்டனர்.

பாளையப்பட்டு என்னும் ஏற்பாடு விசுவநாத நாயக்கர் காலத்தில், அதாவது 1529 க்கும் 1564 க்கும் இடையில், தளவாய் அரியநாத முதலியாரால் அமைக்கப்பட்டதென்பது மரபு. நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டு, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றின் காவலும் ஒவ்வொரு பாளையக்காரருக்கு ஒப்படைக்கப்பட்டது. வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு. ஒரு பங்கு படை வைத்துப் பேணுவதற்கு. எஞ்சியது பாளையக்காரரின் குடும்பத்துக்கும் ஊர்ச் செலவுக்கும் என்பது விதி. இந்த எண்களெல்லாம் எல்லாக் காலத்தும் எல்லாப் பாளையத்தும் ஒரே அளவாக நின்றன என்று கொள்ளவேண்டியதில்லை. கருத்து முக்கியமானது: கொத்தளத்தில் ஆளில்லையேல் பாளையம் இல்லை. கிழக்கே கரிசல் நிலத்தில் தெலுங்கு பேசும் நாயக்கரும், மேற்கே மலையடிவாரத்தில் மறவரும் இவ்வாறு அமர்ந்தனர்.

இதே காலத்தை ஒட்டியும் அதற்கு முன்னரும் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இங்கே ஒப்புநோக்குவது பயன்தரும். ஏர்ல் என்று வழங்கும் பிரபுப் பட்டம், கானூட் என்ற தேனிய அரசன் 1016 இல் இங்கிலாந்தை வென்று, நாட்டை வெசெக்ஸ், மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, நார்தம்பிரியா என நான்காகப் பகுத்துத் தலைவரை நியமித்தபோது பெருமை பெற்றது. அப்போது அது முற்றிலும் ஓர் உத்தியோகம். மாகாண மன்றத்தில் முதன்மையாக அமர்வதும், படையை நடத்துவதும் அதன் கடமை. மன்றத்தில் தண்டமாகவும் கட்டணமாகவும் விழும் பணத்தில் மூன்றில் ஒரு காசு அவனுக்கு உரியது. நம் பாளையக்காரரின் மூன்றில் ஒன்றையும் இதனையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அரசன் தன் பங்காளியாக ஒருவனை ஏற்றுக்கொள்ளும் முறை இரு நாட்டிலும் ஒரே வடிவம் கொண்டிருந்தமை புலனாகும். ஒரு வேற்றுமையும் உண்டு: அங்கே பங்கு நீதியின் வருவாயிலிருந்து, இங்கே நிலத்தின் வருவாயிலிருந்து.

1066 இல் நார்மானிய வில்லியம் நாட்டை வென்ற பின், பெரிய பெரிய ஏர்ல் மாகாணங்களைச் சிதைத்தான். வேல்ஸ் எல்லையில் செஸ்டர், சுருஸ்பெரி போன்ற இடங்களில் மட்டும் வலிய ஏர்ல்களை வைத்தான். எல்லையில் வலியவன் வேண்டும், உள்நாட்டில் வலியவன் ஆகாது என்பது எந்நாட்டு அரசனும் அறிந்த பாடம். 1075 இல் ஏர்ல்கள் கிளர்ச்சி செய்து தோற்றனர். அடுத்த ஆண்டு வால்தியோப் என்ற ஏர்ல் சிரச்சேதம் செய்யப்பட்டான். ஸ்டீபனும் மடில்டாவும் முடிக்குப் போரிட்ட காலத்தில், ஆதரவு தேடி இருவரும் ஏர்ல் பட்டங்களை வாரி வழங்கினர். பின்னர் மாகாண நிர்வாகம் அரசனுடைய ஷெரிப்புக்களின் கைக்குப் போயிற்று; ஏர்லின் கையில் பட்டமும், சாசனத்தில் எழுதிய வருடாந்தப் பணமும், இடையில் அரசன் தன் கையால் கட்டிய வாளும் எஞ்சின. 1337 இல் மூன்றாம் எட்வர்டு ஒரே சமயத்தில் ஆறு ஏர்ல்களைப் படைத்து, தன் மூத்த மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினான். ஏர்ல்களுக்கு மேலே ஒரு படி எழுந்தது. 1385 இல் மார்க்குவிஸ், 1440 இல் வைகவுண்ட் என மேலும் படிகள் அமைந்தன. உத்தியோகமாகத் தொடங்கியது வரிசையில் ஓர் இடமாக முடிந்தது. இம்மாறுதலுக்கு அங்கே முந்நூறு ஆண்டுகள் ஆயின. இங்கே அது ஓராண்டில் நிகழ்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கர்னல் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளுள் பாளையக்காரர் தத்தம் வம்சவரலாற்றை எழுதிக்கொடுத்த கைபீதுகள் பல உள்ளன. அவற்றில் ஒரு கதையே பல வேடத்தில் வருகிறது. முன்னோன் ஒருவன் அரசன் திருமுன் வருகிறான். யாராலும் வெல்லப்படாத மல்லனையோ, விலங்கையோ, பகைவனையோ வெல்கிறான். அரசன் மகிழ்ந்து பட்டமும் விருதும் ஊர்களும் அளிக்கிறான். எட்டயபுரத்தார் வரலாற்றிலும், சோமன் என்ற மல்லனை வென்ற வீரமும், அதன்பின் வந்த அரச மரியாதையும் இவ்வாறே சொல்லப்படுகின்றன. இக்கதைகளைப் பொய்யென்று தள்ளிய ஆங்கில அதிகாரிகள், அவை கூறவந்த பொருளைக் காணத் தவறினர். நிலம் தமக்கு வாங்கியதாலும் வாரிசாலும் வந்ததன்று, செய்த பணிக்கு ஈடாக வந்தது என்பதையே ஒவ்வொரு கைபீதும் வற்புறுத்துகிறது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் வரலாறு இதற்கு அரண் செய்யும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், இராமேசுவர யாத்திரிகர் கள்வரஞ்சாது செல்லும் பொருட்டுச் சடைக்கத் தேவரைச் சேதுநாட்டுக்குத் தலைவராக்கினார். மைசூர்ப் படை திருமலை நாயக்கர்மீது வந்தபோது ரகுநாத சேதுபதி உடனே படையோடு விரைந்து வந்து காத்தமையால், நாயக்கர் தம் பெயரையே அளித்து அவரைத் திருமலை சேதுபதி என்று அழைத்தார். தன் பெயரைக் கொடுப்பதினும் பெரிய கொடை அரசனிடம் இல்லை.

வடகரைப் பாளையத்துக்கும் இத்தகைய காரணம் வெளிப்படையாகவே உண்டு. செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மலையாள நாட்டுக்குச் செல்லும் பாதையை ஒட்டி அது அமைந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்குவோரையும் மலைக்கு ஏறுவோரையும் கண்காணிக்கும் காவல், அங்குள்ள தலைவன் கையிலேயே இருந்தாகவேண்டும். நார்மானிய அரசன் வேல்ஸ் எல்லையில் கண்ட தேவை இங்கே குற்றாலமலை அடிவாரத்தில் எழுந்தது. மதுரை நாயக்கரான விசயரங்க சொக்கநாதர், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு அவருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சிமேடு என்று வழங்கலாயிற்று. அந்நூலிலேயே சின்னணைஞ்சாத் தேவரின் பெயரும் புகழப்படுகிறது. மதுரை நாயக்கப் பேரரசனும் மலையடிவாரத்துச் சிற்றரசனும் ஒரே நூலைச் சார்ந்து அருகருகே நிற்கும் அந்நிலை, அக்காலத்துப் பட்டங்களின் இயல்பை நன்கு காட்டும்.

நாயக்கர் ஆட்சி 1736 ஐ ஒட்டி முடிவுற்றபின், பட்டம் அளித்தவர் இல்லாத உலகத்தில் பாளையக்காரர் தனித்து நின்றனர். ஆர்க்காட்டு நவாபு வரி கேட்டார். நவாபின் கடனுக்கு ஈடாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் அந்த வரியைத் தண்ட வந்தனர். 1755 இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூஸ்கானும் தெற்கே வந்தபோது, நெற்கட்டும்செவல் பூலித்தேவர் பணிய மறுத்து, மேற்குப் பாளையங்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள முயன்றார். அவர் வினா நேர்மையான வினா: எங்களுக்குப் பாளையம் தந்தவர் நீங்கள் அல்லர், எதன் பொருட்டு உங்களுக்குக் கப்பம்? 1761 இல் கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கைப்பற்றியதோடு அக்கூட்டு முறிந்தது. 1799 அக்டோபர் 16 இல் கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மு தூக்கிலிடப்பட்டார். 1801 இல் அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் வீழ்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி உழுததோடு, ஊரின் பெயரையும் பதிவேடுகளிலிருந்து நீக்கும்படி கும்பினியார் கட்டளையிட்டனர். பெயரின் வலிமையை அவர்கள் அறியாதவர் அல்லர்.

1801 ஜூலையில் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியாருக்கு வந்தது. 1802 ஆம் ஆண்டின் 25 ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கலெக்டர் லஷிங்டன் காலத்தில், 1803 இல், எஞ்சிய பாளையக்காரருக்கு உரிமைச் சாசனங்களாகிய நிரந்தர சன்னதுகள் வழங்கப்பட்டன. பேஷ்குஷ் என்ற கப்பம் என்றைக்கும் மாறாதபடி தீர்மானிக்கப்பட்டது. கோட்டைகள் போயின, ஆயுதங்கள் போயின, தேசகாவல் உரிமையும் அதற்குரிய காவல் வரியும் போயின. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார்.

இந்த ஏற்பாட்டை, வாளை வாங்கிக்கொண்டு நிம்மதியைக் கொடுத்தது என்று பாராட்டியோர் உண்டு. குடிகள் ஓயாத போரினின்றும் தப்பினர் என்பதும் உண்மையே. அதனை மறுப்பது நன்றன்று. ஆயினும் அதற்கு முன்னர்ப் பாளையக்காரன் தன் ஊரைக் காக்கத் தவறினால், திருட்டுப் போன பொருளுக்குத் தானே ஈடு கொடுக்கவேண்டும். கண்மாய் உடைந்தால் அவன் படைவீரர் சோறின்றி வருந்துவர். குடிகள் வெறுத்து அடுத்த பாளையத்துக்குக் குடிபெயர்ந்தால் அவன் பலம் குன்றும். 1803 க்குப் பின்னர் இவ்வகைத் தளைகள் ஒன்றொன்றாக அறுந்தன. பேஷ்குஷைத் தவணை தவறாது கட்டினால் போதும். குடிகளிடம் வாங்குவதற்குச் சட்டமும் கச்சேரியும் துணை நிற்கும். கடமையினின்று நீங்கிய உரிமை எவ்வளவு மென்மையாகக் கெடுகிறதென்பதை அடுத்த நூறாண்டுச் சரித்திரம் காட்டுகிறது. ஆங்கிலேயர் நாட்டில் ஏர்ல் பட்டம் மூன்று நூற்றாண்டுகளில் அடைந்த மாறுதலை, நம் பாளையக்காரருக்கு ஒரு சன்னது கொண்டுவந்து சேர்த்தது.

வாளால் தீர்ந்த வழக்குகள் இனி லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ந்தன. சிவகங்கையில் இஸ்திமிரார் ஜமீன்தாரான கௌரிவல்லபத் தேவர் 1829 இல் காலமானார். ஜமீன் அவர் அண்ணன் வழியினருக்கா, அவர் மகள் வழிக்கா என்ற வழக்கு 1863 இல்தான் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள். இராமநாதபுரத்தில், விதவையான ராணி செய்த சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கில், சபிண்டர்களான நெருங்கிய உறவினரின் சம்மதம் இருந்தால் செல்லும் என்று 1868 இல் தீர்ப்பாயிற்று. தென்னாட்டுச் சுவீகாரச் சட்டம் முழுமைக்கும் அத்தீர்ப்பு ஆதாரமாயிற்று. நமக்கு அருகேயுள்ள சிவகிரி, முத்தையன் செட்டியார் தொடுத்த வழக்கால் சட்டநூல்களில் இடம்பெற்றது. தந்தையான ஜமீன்தார் பட்ட கடனுக்கு, பங்கிடப்படாத ஜமீனை வாரிசாக அடைந்த மைந்தர் சங்கிலி வீரபாண்டியச் சின்னத்தம்பியார் பொறுப்பாவாரா என்பது வினா. பரம்பரைச் சொத்தின் அளவுக்குப் பொறுப்பே என்று 1882 இல் பிரிவி கவுன்சில் கூறிற்று. வழக்கின் பெயரிலே பாண்டியனும் செட்டியாரும் எதிரெதிரே நிற்பதைக் காணும்போது, பட்டத்தின் சரித்திரம் கடனின் சரித்திரமாக மாறிவிட்டமை தெளிவாகும். கடன்காரரிடமிருந்து ஜமீன்களைக் காக்கவே, பங்கிடக்கூடாத எஸ்டேட்டுகளைப் பற்றிய சட்டம் ஒன்றைச் சென்னை அரசாங்கம் 1904 இல் இயற்றிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜமீன்கள் செய்த நற்பணிகளை மறைப்பது அறமன்று. ஊற்றுமலை இருதாலய மருதப்பத் தேவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தார். ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது பிறந்த காவடிச்சிந்து, இன்றைக்கும் நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஒலிக்கிறது. உ. வே. சாமிநாதையர் அந்த ஜமீன்தாரின் தமிழன்பைப் பாராட்டி எழுதியிருக்கிறார். எட்டயபுரத்துச் சபையில் சிறுவன் சுப்பிரமணியனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. இந்தக் கடைசிச் செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஊரும் இல்லை, மானியமும் இல்லை, சன்னதும் இல்லை. புலமையை மதித்து வாயால் சொன்ன ஒரு சொல். அந்தப் பட்டம் எட்டயபுரம் ஜமீனைக் கடந்து நின்றது. பழைய ஏனாதிக்கும் காவிதிக்கும் உண்மையான வாரிசு அதுவே என்று நான் எண்ணுகிறேன்.

1948 ஆம் ஆண்டின் 26 ஆம் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டு, நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புக்கள் நீங்கலாக, அரசாங்கம் பட்டம் எதுவும் வழங்கலாகாது என விதித்தது. வருந்தியவர் சிலர், மகிழ்ந்தவர் பலர். உழுதவனுக்கு நிலம் சேரவேண்டும் என்ற நியாயத்துக்கு முன் எந்தப் பட்டமும் நில்லாது. ஆயினும் ஒழிப்பு எல்லா இடத்தும் ஒரே விதமாக அமையவில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929 இல் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கும்பினிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஜமீன் உரிமை அரசாங்கத்துக்கு வந்த பின்னும் குத்தகை தொடர்ந்தது. மாஞ்சோலையில் தேயிலை விளைந்தது. நிலத்தின் உடையவர் மாறினார். அந்த மலையில் உழைத்தவருக்கு நிலம் சேரவில்லை.

சிங்கம்பட்டியாரின் பட்டம் தீர்த்தபதி. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் ஆடி அமாவாசை நாளில் அரச உடையில் வீற்றிருந்து தரிசனம் தரும் வழக்கத்தை, முடிசூடிய கடைசி ஜமீன்தாரான முருகதாஸ் தீர்த்தபதி, ஜமீன் ஒழிந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகியும், 2020 மே மாதம் காலமாகும் வரை காத்துவந்தார். அங்கே கூடிய ஆயிரக்கணக்கான மக்களில் எவரும் அவருக்குக் குடிவாரம் கொடுப்பவர் அல்லர். எவரையும் அவர் தண்டிக்க இயலாது. இருந்தும் கூடினர். உள்ளீடற்ற முடி என்ற டர்க்ஸின் சொல் புதுக்கோட்டைக்கு எவ்வளவு பொருந்தினும், நம் மலையடிவாரத்துக்கு முழுமையாகப் பொருந்தாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். அரசும் நிலமும் நீங்கிய பின், கோயில் ஊழியம் அந்த இடத்தில் இருந்தது; அது புதிதாக வந்ததன்று, பராக்கிரம பாண்டியர் காலத்திலிருந்தே அங்கே இருந்தது.

மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் இக்கருத்து சட்டத்தின் வடிவையே பெற்றது. 1750 இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாக அளித்து, பத்மநாபதாசர் என்ற பட்டத்தை மேற்கொண்டார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்த நாட்டின் பகுதியாகவே இருந்தது. அரசர் பதவி போய், மானியமும் 1971 இல் ஒழிந்து, கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991 இல் மறைந்த பின்னர், கோயில் நிர்வாக உரிமை அக்குடும்பத்துக்கு உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஜூலை 13 இல் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம், மன்னர் என்ற நிலை மறைந்தாலும் சேவைக்குரிய உரிமை மறையாது என்பதாகும். அரசனுடைய பட்டம் அரசோடு போயிற்று; தாசனுடைய பட்டம் நின்றது.

இங்கிலாந்தில் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் நீங்கலாக ஏனையோர் பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையை இழந்தனர். ஆயினும் இன்ன ஏர்ல் பட்டம் யாருக்குரியதென்ற வழக்கு எழுந்தால், அதற்குப் பின்னரும் அச்சபையின் உரிமைக் குழுவே அதனை விசாரித்துவந்தது. தமிழ்நாட்டில் பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேரின் வடத்தை முதலில் தொடுபவர் யார் என்ற வழக்குகள், 1959 ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63 ஆம் பிரிவின்படி, இணை ஆணையரிடம் செல்கின்றன. வழக்கத்தால் ஒருவருக்குக் கோயிலில் மரியாதையோ ஊதியமோ உண்டா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அப்பிரிவில் அவருக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அந்த விசாரணையில் முன்வைக்கப்படும் கேள்வி, உன் முன்னோர் எத்தனை ஊரை ஆண்டனர் என்பதன்று. இந்தக் கோயிலுக்கு உன் குடும்பம் வழக்கமாக என்ன செய்து வந்தது என்பதே. கைபீதுகளை எழுதிக்கொடுத்த பாளையக்காரர் எந்தக் கேள்விக்கு விடையளித்தனரோ, அந்தக் கேள்விக்கே அவர்தம் சந்ததியார் இன்று ஆணையர் முன்னிலையில் விடையளிக்கின்றனர்.